அம்மா மருமகள் என்று அழைத்த பூச்சி

என் சவரிக்கு, கூடப் பிறந்த ஒரே தம்பிக்கு,

இதை நீ படிக்கப்போவதில்லை, ஊர்தான் படிக்கும். கல்லறைத் திருநாளுக்கு நம் கோயிலில் பங்கு மலர் போடுகிறார்கள். இந்த வருஷம் இறந்தவர்களைப் பற்றி வீட்டுக்கு ஒருவர் எழுதித் தரவேண்டும் என்று பூசை முடிந்ததும் அறிவித்தார்கள். மற்றவர்கள் எல்லாம் பாசமிகு தந்தை, பண்பின் சிகரம் என்று நாலு வரியில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். நான் எழுத உட்கார்ந்தால் உன்னைத் திட்டத்தான் வருகிறது. திட்டுவதற்கு நாலு வரி எப்படிப் போதும்?

முதலில் ஊருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறு. சவரி வளர்த்த சிலந்தி அவனைக் கடிக்கவில்லை. காளையார்கோவிலில் மருந்துக்கடைகளுக்கு ஆர்டர் எடுத்துவிட்டு வண்டியில் திரும்பும்போது நெஞ்சு வலித்திருக்கிறது. வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவன், அப்படியே சாய்ந்துவிட்டான். மாரடைப்பு என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆனாலும் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் உன் முகத்தைப் பார்த்துவிட்டு நேராக உன் அறைக்குள் போய் அந்தக் கண்ணாடித் தொட்டியைத்தான் எட்டிப் பார்த்தார்கள். விஷப் பூச்சியை வீட்டில் வைத்தால் வேறென்ன நடக்கும் என்று என் காதுபடவே பேசினார்கள். அன்றைக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், அது பாட்டுக்கு அது தன் பொந்துக்குள் கிடந்தது.

நாள் முழுக்க மருந்துப் பையைச் சுமந்துகொண்டு கல்லலுக்கும் காளையார்கோவிலுக்கும் அலைந்தவன் நீ. உன் நெஞ்சை ஒருமுறை ஒரு டாக்டரிடம் காட்டக்கூடாதா? டாக்டர்கள் வாசலில்தானே காத்துக் கிடந்தாய்? கேட்டால் சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உன் பூச்சியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டரான்டுலா என்று பெயர். இதில் சால்மன் பிங்க் என்று ஒரு வகை, பிரேசில் நாட்டைச் சேர்ந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, ஆங்காங்கே இளஞ்சிவப்பு முடி. காலை விரித்து உட்கார்ந்தால் என் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து மறைத்துவிடும். பெங்களூரில் இதையெல்லாம் வளர்த்துக் கொடுக்கும் ஒருவரிடமிருந்து நீ வாங்கி வந்தபோது உளுந்து அளவில் இருந்தது. சின்ன மருந்து டப்பாவில் போட்டு, தேங்காய் நார்த்தூளைப் பரப்பி, வருஷக்கணக்காக ஊட்டி வளர்த்தாய். அதற்கு இரை போட ஒரு டப் நிறையக் கரப்பான் வேறு. ஊரெல்லாம் கரப்பானுக்கு மருந்தடிக்கிறது, எங்கள் வீட்டில் கரப்பானுக்குக் கேரட் நறுக்கிப் போட்டோம்.

உனக்குப் பெண் பார்த்துப் பார்த்து அம்மா ஓய்ந்துபோன சமயத்தில்தான் அதற்கு ஒரு பெயர் வந்தது. வந்த வரன் ஒவ்வொன்றையும் நீ தட்டிக் கழித்தாய். ஒரு நாள் நீ சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா, "ஒன் பொண்டாட்டி சாப்பிட்டாளாடா?" என்று கேட்டாள். நீயும் விடவில்லை. "போன வாரம் சாப்பிட்டாம்மா, இனி அடுத்த வாரந்தான்" என்றாய். "இம்புட்டுச் சிக்கனமான மருமக யாருக்குக் கெடைக்கும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அது மருமகள்தான். நக்கலுக்கு வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது.

நீ போனபிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவைக் கோட்டையூர் வீட்டிலிருந்து காரைக்குடிக்கு என்னோடு கூட்டிப்போவது என்று நானும் உன் மச்சானும் முடிவு செய்தோம். அம்மாவுக்கு முழங்கால் மடங்கவில்லை, ரத்தக்கொதிப்பு மாத்திரையை நினைவுபடுத்த ஆள் வேண்டும். எங்கள் மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிப்பதால் அவள் அறையும் சும்மாதான் கிடந்தது. எல்லாம் சரியாக வரும் என்றுதான் நினைத்தேன்.

அம்மா வர மறுத்துவிட்டாள். சொன்ன காரணத்தைக் கேள்.

"எனக்குத்தான் இங்குட்டு மருமக இருக்காள்ல. மகன் வீட்டுல மருமகளோட இருக்கிறதுதான மொறை? மக வீட்டுல போயி, மருமகன் சம்பாத்தியத்துல ஒக்காந்து திங்கச் சொல்றியா?"

முதலில் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. மகள் வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கினால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற தலைமுறை அது. என் பிரசவத்துக்குக்கூட என்னைத்தான் கோட்டையூருக்கு வரவழைத்தாளே தவிர, அவள் என் வீட்டுக்கு வந்து தங்கவில்லை. அதை வெளிப்படையாகச் சொன்னால் நான் வாதாடுவேன் என்று தெரியும். அதனால், தான் கேலி செய்த பூச்சியையே முன்னால் தள்ளிவிட்டு, அதன் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இப்படித்தான் சவரி, என் அலைச்சல் ஆரம்பமானது. காலையில் என் வீட்டில் சமையல், பிறகு பள்ளிக்கூடம். சாயங்காலம் மணி அடித்ததும் டவுன் பஸ் பிடித்துக் கோட்டையூர். அம்மாவுக்குக் கஞ்சி, மாத்திரை, மருமகளுக்குத் தண்ணீர், கரப்பானுக்குக் காய். திரும்ப பஸ். வீட்டுக்கு வந்தால் திருத்தாத விடைத்தாள் கட்டு காத்திருக்கும். தொட்டியைத் துடைக்கப் போனால் உன் பூச்சி பின்னங்காலால் முடியை உதிர்த்துவிடும். கையெல்லாம் அரிப்பு. வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே முழங்கையைச் சொறிவேன். பக்கத்து வகுப்பு டீச்சர் எனக்குச் சிரங்கு என்றே முடிவு கட்டிவிட்டார்.

சில நாள் பஸ்ஸிலேயே தூங்கிவிடுவேன், கண்டக்டர் எழுப்பிவிடுவார். நீ எங்கேயோ நிம்மதியாகப் படுத்திருக்கிறாய், நான் மட்டும் உன் கரப்பானுக்குக் கேரட் வாங்க வரிசையில் நிற்கிறேன் என்று நினைத்து அழுகை வரும். அழுவதற்கும் நேரம் வேண்டுமே?

ஆடி கழிந்த சமயம் மருமகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கரப்பானைப் போட்டால் ஒதுங்கிப் போனாள். பொந்தின் வாசலைப் பட்டு நூலால் அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். சரி, இதுவும் போகப்போகிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வருத்தத்தைவிட ஆறுதல்தான் முதலில் வந்தது. பூச்சி போய்விட்டால் அம்மாவுக்குச் சாக்கும் போய்விடும் அல்லவா?

அந்த வாரம்தான் திண்டுக்கல்லிலிருந்து ஒரு போன் வந்தது.

"அக்கா, நான் பாஸ்கர். சவரி அண்ணனோட சிநேகிதன், நானும் டரான்டுலா வளக்கிறேன். எடுத்த எடுப்புல கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அது முட்டைப் பை போட்டிருச்சா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். இந்தப் பூச்சி வளர்ப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஆண் ஒருவரிடமும் பெண் இன்னொருவரிடமும் இருந்தால், ஆணைச் சில நாளுக்குக் கொடுத்து வைப்பார்கள். குட்டிகள் வந்தால் பாதி அவருக்கு, பாதி இவருக்கு. எழுத்துமில்லை, சாட்சியுமில்லை, வெறும் வாய்ப்பேச்சுதான். நீ அவரிடமிருந்து ஆணை வாங்கிவந்து சேர்த்து வைத்திருக்கிறாய். பெண் ஆணைத் தின்றுவிடாமல் இருக்க, நீ ஒரு பெயிண்ட் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் காவல் இருந்தாய் என்றும், ஆணைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாய் என்றும் சொன்னார். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்லியிருந்தால் அம்மா வளைகாப்பே நடத்தியிருப்பாளே.

"அந்த ஆண் இப்ப இல்லக்கா. பருவத்துக்கு வந்தபெறகு ஆணுங்க ரொம்ப நாள் இருக்காது. சாவு வீட்டுல இதைப் போய்க் கேக்கக் கூடாதுன்னுதான் இத்தனை நாளா போன் பண்ணல" என்றார்.

டார்ச் அடித்துப் பொந்துக்குள் பார்த்தேன். சின்ன எலுமிச்சம்பழம் அளவில் வெள்ளையாக ஒரு உருண்டை. எட்டுக் காலையும் வளைத்து அதை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பட்டினி கிடந்தது இதற்குத்தான்.

பாஸ்கர் போனிலேயே சொன்னார்: சத்தம் கூடாது, ஆட்டக்கூடாது, பயந்தால் தாயே முட்டைப் பையைத் தின்றுவிடும். இன்னும் சில வாரத்தில் தாமே வந்து பையை எடுத்துப் போவதாகவும் சொன்னார். விட்டுவைத்தால் குட்டிகள் நூற்றுக்கணக்கில் வந்து காற்றுத் துளை வழியாகவே வெளியேறிவிடுமாம். கேட்டதும் எனக்கு உடம்பு முழுக்க அவை ஊர்வதுபோல இருந்தது. அப்போதே அவரிடம் கேட்டுவிட்டேன். "தம்பி, குட்டியோட தாயையும் நீங்களே கொண்டு போயிருங்க. எங்களால முடியல." அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, சரி என்றார். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. வருகிற அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இடையில் எறும்பு வந்தது. கரப்பான் டப்பிலிருந்து வரிசை கட்டி மேசைக்கால் வழியே தொட்டியை நோக்கி ஏறியது. நான் அவசரத்தில் கடைக்கு ஓடி, எறும்பு கொல்லும் சாக்பீஸ் வாங்கிவந்து மேசையைச் சுற்றிக் கோடு போட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள்.

"ஏத்தா, ஒனக்குக் கூறு இருக்கா? இந்த ரூம்புக்குள்ள மருந்து வாடையே ஆகாதுன்னு அவன் படிச்சுப் படிச்சுச் சொல்லுவான்ல! கொசுவத்திகூட அங்குட்டுக் கொண்டு போக விடமாட்டான்."

முழங்கால் மடங்காத அம்மா தரையில் உட்கார்ந்து ஈரத்துணியால் அந்தக் கோட்டை அழித்தாள். பிறகு நாலு கிண்ணம் எடுத்துவரச் சொன்னாள். கருவாடு வைக்கிற அலமாரிக்குச் செய்வதுபோல மேசைக்கால் ஒவ்வொன்றையும் ஒரு கிண்ணத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். மேசையை ஆட்டாமல் தூக்குவதற்குள் எனக்கு இடுப்பு போய்விட்டது. எறும்பு தண்ணீரோரம் வரை வந்து திரும்பிவிட்டது. நீ பேசும்போதெல்லாம் காதில் வாங்காதவள்போல அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா, எதையும் விடாமல் கேட்டுத்தான் இருந்திருக்கிறாள். உனக்கு அது தெரியுமா?

பாஸ்கர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் நின்றார். உன்னைவிட இளையவர், கையில் இரண்டு பெட்டி. அம்மா, "வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல தண்ணி குடிங்க" என்று உள்ளே அழைத்தாள். உன் படத்துக்கு முன்னால் அவர் கொஞ்ச நேரம் நின்றார். அதன் பிறகுதான் அறைக்குள் போனோம்.

வேலை சட்டென்று முடியவில்லை. மருமகள் பையை விடவே இல்லை. அவர் பிரஷ்ஷால் மெதுவாகத் தள்ளத் தள்ள, அவள் பல்லால் கவ்விக்கொண்டு பின்னுக்குப் போனாள். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு எதிர்த்து நின்றாள். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் டம்ளரை நடுவில் கவிழ்த்து அவளை ஒதுக்கிவிட்டு, நீளமான இடுக்கியால் பையை எடுத்துப் பஞ்சு வைத்த டப்பாவில் வைத்தார். அவர் நெற்றி முழுக்க வேர்வை.

டம்ளரை எடுத்ததும் அவள் ஓடவில்லை, ஒளியவும் இல்லை. பை இருந்த இடத்துக்கே வந்தாள். முன்னங்கால் இரண்டாலும் அந்த இடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி தட்டினாள். மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள்.

"தேடுறா பாருத்தா" என்றாள் அம்மா.

பாஸ்கர் இரண்டாவது பெட்டியைத் திறந்தார். அது யாருக்கு என்று அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"வேணாம் தம்பி" என்றாள். "பிள்ளைய எடுத்துட்டீக, அது நீங்க பேசிக்கிட்ட பேச்சு, சரி. எங்க பாதியவும் நீங்களே வளங்க, வளக்கத் தெரிஞ்சவுகளுக்குக் குடுங்க. இவளையும் சேத்துத் தூக்குனா எப்படி? எல்லாத்தையும் ஒரே நாள்ல பறிக்கக் கூடாதுப்பா."

பாஸ்கர் பெட்டியை மூடிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் எத்தனை மாசம் இந்த பஸ், இந்தக் கேரட், இந்த அரிப்பு என்று கத்தவேண்டும்போல இருந்தது. வெளியாள் முன்னால் கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து, தொட்டியைப் பார்த்தபடியே அவரிடம் கேட்டாள். "இது இன்னும் எம்புட்டு வருசம் உசுரோட இருக்கும்?"

"பொண்ணு நெறைய நாள் இருக்கும்மா. நல்லாப் பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருசத்துக்கு மேலயும் இருக்கும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எனக்கப்புறம் இத யாரு பாப்பா?"

நீ இருந்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது சவரி. எங்கள் எல்லோருக்கும் அப்புறம் நீ இருப்பாய் என்றுதான் நானும் இத்தனை காலம் நினைத்திருந்தேன். நீ கடைக்குட்டி. எனக்கு ஒன்று என்றால்கூட என் மகளுக்கு மாமன் இருக்கிறான் என்று ஒரு தைரியம் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அது வெறும் வாய்ப்பேச்சாக நிற்காது என்று தெரியும். அம்மா கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டையூரில் அவளை இத்தனை மாசமாகத் தனியாக உட்காரவைத்திருந்தது கௌரவம் மட்டுமில்லை, நீ விட்டுப்போனதைத் தனக்குப் பிறகு பார்க்க ஆளில்லையே என்ற பயமும்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நான் பாக்குறேம்மா" என்றேன்.

"வாய் வார்த்தைக்குச் சொல்லாத."

"இல்லம்மா. நான் இருக்கிற வரைக்கும் பாக்குறேன்."

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அப்பச் சரி. இனி ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நீ அலைய வேணாம். இவள ஒன் வீட்டுல கொண்டுபோய் வையி" என்றாள். பீரோவைத் திறந்து சேலைகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். "எனக்கு எதெது வேணும்னு சொல்றேன், மடிச்சு எடுத்து வையி."

இப்போது அம்மா எங்கள் மகளின் அறையில் இருக்கிறாள். தொட்டியும் அங்கேதான். உன் மச்சான் கதவைத் தட்டிவிட்டு, வாசலில் நின்றபடியே அத்தையிடம் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவார். சாப்பாட்டுத் தட்டை அம்மா இன்னும் தானேதான் கழுவுகிறாள், மருமகன் வீடாயிற்றே. குட்டிகள் பொரிந்துவிட்டன என்று பாஸ்கர் போன் செய்தார். தேடுவதை நிறுத்திவிட்டு மருமகள் மறுபடி சாப்பிட ஆரம்பித்திருக்கிறாள். அம்மாவுக்கு அதற்கு எத்தனை நாள் ஆகுமோ, தெரியவில்லை.

என் களைப்பு போய்விடவில்லை. பஸ் மட்டும்தான் போயிருக்கிறது. திருநாளன்று உன் கல்லறைக்கு நாங்கள் எல்லோரும் வருவோம். சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, பூவும் சொல்லிவைத்திருக்கிறேன். அம்மா உன்னிடம் ஏதாவது கேட்டால் நான் சொன்னதையே நீயும் சொல். நான் பார்த்துக்கொள்கிறேன், சவரி. அம்மாவை முகம் கோணாமல் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு அப்புறமும் அந்தத் தொட்டியில் தண்ணீர் வற்றாது.

எனக்கு அப்புறம் யார் என்று மட்டும் இப்போது கேட்காதே.

உனக்கு மூத்தவளாகப் பிறந்து, உன்னைவிடப் பின்னால் வரப்போகிற
உன் அக்கா,
ஸ்டெல்லா